புனலும் புட்டியுமாகப் புறப்படும் பிள்ளைகளுக்கு

கம்மாபுரம் சுற்றுவட்டாரத்தில் மழைநீரையும் ஓடைநீரையும் பரிசோதிக்கக் கிளம்பியிருக்கும் பிள்ளைகளே,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஆறு பேரும் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. "ஐயா, நெய்வேலி தெர்மல் புகையில இருக்கிற கந்தகம் மழையில இறங்குதுன்னு படிச்சோம். அப்படின்னா நம்ம ஓடைத் தண்ணியில அது தெரியணும் இல்லையா?" தெரியும். ஆனால் நேராகத் தெரியாது. நடுவில் மண் இருக்கிறது, மரம் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்கள் இருக்கின்றன. புகைக்கூண்டுக்கும் ஓடைக்கும் நடுவே நடக்கிற அந்தக் கொடுக்கல் வாங்கலைப் படிக்கப் பழக வேண்டும். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடங்களில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றவன் என்ற உரிமையில் சிலதை எழுதித் தருகிறேன். மனசில் வந்த வரிசையில்தான் இருக்கும்.

1. மழை கொஞ்சம் புளிப்பதைக் கண்டு பதறாதீர்கள்.

புகையே இல்லாத ஊரிலும் மழைநீரின் பி.எச். 7 இருக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால் 5.6 அளவில் இருக்கும். அதற்கும் கீழே இறங்கினால்தான் "வேறு ஏதோ கலந்திருக்கிறது" என்று நிமிர்ந்து உட்கார வேண்டும். நிலக்கரியை எரித்தால் வரும் கந்தக டை ஆக்சைடு காற்றிலேயே மெல்ல மாறிக் கந்தக அமிலமாகிறது. கொதிகலனிலும் லாரி என்ஜினிலும் உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரிக் அமிலமாகின்றன. இவை மழையோடு இறங்கினால் ஈரப் படிவு. மழை இல்லாத நாளில் தூளாகவும் வாயுவாகவும் இலையிலும் மண்ணிலும் ஒட்டினால் உலர் படிவு. நம் ஊரில் வருஷத்தில் பாதிக்கு மேல் வறண்ட நாள்தான், ஆகவே இரண்டாவதை மறந்துவிடக் கூடாது.

பி.எச். எண்ணைச் சாதாரண எண் போல நினைக்காதீர்கள். ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹப்பார்ட் புரூக் என்றொரு காடு. 1963இல் ஜீன் லைக்கன்ஸ், ஹெர்பர்ட் போர்மன் முதலானோர் அங்கே ஓடைகளைப் படிக்கத் தொடங்கியபோது எடுத்த முதல் மழை மாதிரியின் பி.எச். 3.7. கரியமில வாயு மட்டும் கரைந்த மழையைவிட ஏறக்குறைய 80 மடங்கு அமிலம். ஆலை எதுவும் கண்ணுக்கெட்டாத மலைக்காட்டில்! அந்தக் காட்டைத்தான் இந்தக் கடிதம் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன். அறுபது வருஷத்துக்கு மேலாக ஒரே ஓடைகளை விடாமல் அளந்த இடம் உலகில் வேறு அதிகம் இல்லை.

2. புனலை மூடி வையுங்கள். மழை தொடங்கியதும் திறவுங்கள்.

இதைச் சின்ன விஷயம் என்று நினைத்தால் மொத்த உழைப்பும் வீண். பல வருஷத்துக்கு முன்னால் என் மாடியில் ஒரே மாதிரி இரண்டு புனல் வைத்தேன். ஒன்று முந்தின நாளே திறந்து கிடந்தது. மற்றதை எவர்சில்வர் தட்டால் மூடி, முதல் தூறல் விழுந்ததும் ஓடிப்போய்த் திறந்தேன். விடியற்காலையில் இரண்டு புட்டியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், திறந்து கிடந்த புட்டியின் அடியில் நாமக்கட்டியைக் கரைத்து ஊற்றின மாதிரி வெளிர்சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம். அதன் நீர் காரத்தன்மை காட்டியது. மூடி வைத்திருந்ததில் படலம் இல்லை, நீரும் லேசான புளிப்பு. ஒரே மாடி, ஒரே மழை.

அந்தப் படலத்தில் மண் புழுதியும் உண்டு, சாம்பலும் உண்டு. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து கூடுதல். கட்டுமானப் பொறியியல் படிக்கிற பிள்ளைகளைக் கேளுங்கள், அதனால்தான் சிமென்ட் வேலைக்கு அதற்குத் தனி மதிப்பு என்று சொல்வார்கள். அந்தச் சுண்ணாம்பு மழையின் அமிலத்தைத் தணித்துவிடுகிறது. இந்தியாவின் மழை ஐரோப்பாவைப் போலப் புளிக்காமல் இத்தனை காலம் தப்பித்ததற்கும் பெரிய காரணம் நம் புழுதிதான்.

இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். "பி.எச். 6.8 வந்துவிட்டது, அமில மழை இல்லை" என்று எழுதி மூடிவிடுகிறார்கள். அமிலம் தணிந்தது நிஜம். சல்பேட் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, அந்த நீரிலேயே இருக்கிறது. நைட்ரேட்டும் அப்படியே. பி.எச். என்பது சண்டை முடிந்த பிறகு மிச்சம் நிற்பது. யார் யார் மோதினார்கள் என்பதை அது சொல்லாது.

இன்னொன்றும் இதில் அடங்கியிருக்கிறது. புகைக்கூண்டுகளில் ஈ.எஸ்.பி. என்னும் மின்னிலைத் தூசிப் பிடிப்பான் வைத்துச் சாம்பலைப் பிடிக்கிறார்கள். பிடிக்கத்தான் வேண்டும், நுரையீரலுக்கு அது எமன். ஆனால் சாம்பலைப் பிடித்துவிட்டுக் கந்தக வாயுவை விட்டுவிட்டால், தணிக்கிற காரம் குறைந்து அமிலம் மட்டும் தனியே நிற்கும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது நடந்தது. அங்கே கந்தகம் குறைந்த காலத்தில் தூசியின் கால்சியமும் சேர்ந்து குறைந்ததால், மழையின் புளிப்பு எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை என்று 1994இல் லைக்கன்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கணக்குக் காட்டினார்கள். நம் நாட்டிலும் இந்திய வானிலைத் துறை கொடைக்கானல், விசாகப்பட்டினம், ஜோத்பூர், போர்ட் பிளேர் உள்ளிட்ட 10 இடங்களில் பல பத்தாண்டுகளாக மழையின் வேதியியலைப் பார்த்து வருகிறது. 1987 முதல் 2021 வரையிலான பதிவுகளில் பெரும்பாலான நிலையங்களின் பி.எச். மெல்லக் கீழே இறங்கியிருக்கிறது. நம் மாடிப் புனலின் கணக்கை அந்த நீண்ட வரிசையின் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழகுங்கள்.

3. சல்பேட்டைக் கண்டவுடன் புகைக்கூண்டைக் கை காட்டாதீர்கள்.

நம் ஒன்றியத்தில் ஒரு வாய்க்கால் நீரில் சல்பேட் வர ஐந்து வழிகளாவது உண்டு. வானத்திலிருந்து வருவது ஒன்று. சுரங்கத்தில் மண்ணைப் புரட்டிப் போடும்போது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் காற்றுப் பட்டு உருவாக்குவது இன்னொன்று. சூப்பர் பாஸ்பேட், அமோனியம் சல்பேட் போன்ற உரங்கள் மூன்றாவது. நான்காவதை டவுனிலிருந்து வருகிறவர்கள் மறந்தே போவார்கள்: விருத்தாசலம் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டால் நாற்பதாவது, நாற்பத்தைந்தாவது நாள் மண் அணைக்கும்போது ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட்தான். அதற்கு மேல் ஒரு நல்ல மழை பெய்தால் அடுத்த வாய்க்காலில் என்ன வரும் என்று நீங்களே யோசியுங்கள்.

ஐந்தாவது கடல். வங்காள விரிகுடா நமக்கு ஒரு பேருந்துப் பயணத் தூரம். கடற்காற்று உப்பைக் கொண்டுவருகிறது. அதைக் கழிக்க எளிய வழி உண்டு. கடல்நீரில் குளோரைடு 1 பங்கு என்றால் சல்பேட் 0.14 பங்கு. மழைநீரில் குளோரைடு லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால், அதில் 0.7 மில்லிகிராம் சல்பேட் கடலின் பங்கு. மொத்த சல்பேட்டிலிருந்து அதைக் கழித்த பிறகு மிச்சத்தைப் பற்றிப் பேசுங்கள். மழைநீருக்கு இது சரிவரும். சாக்கடை கலக்கிற ஓடையில் குளோரைடு வீடுகளிலிருந்தும் வருவதால் அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

4. செம்மண் சல்பேட்டைப் பிடித்து வைக்கும். அது பேசும் வரை காத்திருக்கத் தெரிய வேண்டும்.

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறவற்றில் முதன்மையானது. நிதானமாகப் படியுங்கள்.

மண்ணின் களித்துகள்களிலும் மட்கிலும் கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அமிலம் இறங்கினால் ஹைட்ரஜன் அயனி அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு கால்சியத்தை வெளியே தள்ளும். தள்ளப்பட்ட கால்சியம், இறங்கிவந்த சல்பேட்டையும் நைட்ரேட்டையும் துணைக்கு அழைத்துக்கொண்டு ஓடைக்குப் போய்விடும். எதிர்மின் அயனி தனியாகப் பயணம் போக முடியாது, கூட ஒரு நேர்மின் அயனி வேண்டும். அதனால் முதல் பல வருஷங்கள் ஓடை நீர் புளிக்கவே புளிக்காது. கால்சியம் கூடியிருக்கும், நீர் இன்னும் கடினமாகக்கூடத் தெரியும். பார்க்கிறவர் "ஓடை நன்றாக இருக்கிறது" என்பார். வீட்டுப் பண்டபாத்திரத்தை விற்றுச் சோறு தின்கிற குடும்பமும் வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகச் சாப்பிடுகிற மாதிரிதான் தெரியும்.

கால்சியம் தீர்ந்தபின் அலுமினியம் கரையத் தொடங்கும். மண்ணில் எங்கும் நிறைந்திருக்கிற, ஆனால் சாதாரணமாகக் கரையாத அலுமினியம். அது ஓடைக்கு வந்தால் மீனின் செவுளில் படிந்து மூச்சை அடைக்கும். ஸ்காண்டிநேவிய ஏரிகளில் மீன் அற்றுப்போனதற்கு இதுவும் காரணம். பிரிட்டனிலிருந்தும் ஐரோப்பாவின் தொழில் நகரங்களிலிருந்தும் கந்தகம் அத்தனை தூரம் பயணப்பட்டு வருகிறது என்று சுவீடனின் ஸ்வாண்டே ஓடேன் 1967இல் சொன்னபோது நம்பாதவர்கள் அநேகம்.

ஹப்பார்ட் புரூக்கில் 1996இல் ஒரு கணக்குப் பார்த்தார்கள். அதற்குள் சட்டம் வந்து காற்றில் கந்தகம் குறைந்திருந்தது, மழையும் தெளிந்துகொண்டிருந்தது. ஓடை மட்டும் அந்த வேகத்தில் தேறவில்லை. பல பத்தாண்டுகளாக இழந்த கால்சியம் மண்ணுக்குத் திரும்பவில்லை. பாறை அரித்துப் புதுக் கால்சியம் தருவது மிக மெதுவான வேலை. 1999இல் ஒரு முழு நீர்ப்பிடிப்புக்கு ஹெலிகாப்டரிலிருந்து கால்சியம் சிலிகேட் தூளைத் தூவினார்கள். நலிந்திருந்த மேப்பிள் மரங்கள் மெல்ல மெல்லத் தெளிந்தன. நோய்க்குக் காரணம் கால்சியப் பஞ்சம்தான் என்று அப்படித்தான் உறுதியானது.

இனி நம் மண். அவர்களுடையது பனிப்பாறை உருட்டிப் போட்ட இளம் மண். நம்முடையது கடலூர் மணற்கல்லின் மேல் யுகயுகமாக வெயிலிலும் மழையிலும் வெந்து சிவந்த மண். இதில் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் அதிகம். அவை சல்பேட்டையே பிடித்து வைத்துக்கொள்ளும். நியூ ஹாம்ப்ஷயரில் மழையில் இறங்கிய சல்பேட் சீக்கிரம் ஓடைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவின் தென்கிழக்கில் நம்மைப் போன்ற பழைய சிவந்த மண் உள்ள மலைகளில் அது பல பத்தாண்டு மண்ணுக்குள்ளேயே தங்கியது. தங்கினதற்கு நன்றி சொல்லலாம். ஆனால் பிடித்து வைக்கிற இடத்துக்கும் ஓர் அளவு உண்டு. பிற்காலத்தில் காற்று சுத்தமானாலும், மண் தேக்கி வைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும்.

நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 1962இல் ஓடத் தொடங்கி 2020 செப்டம்பரில் நின்றது. அதன் பிறகு வந்த நிலையங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அறுபது வருஷத்துக்கு மேலான படிவு. முந்திரிக்காட்டு ஓடையில் இன்றைக்கு சல்பேட் குறைவாக வந்தால், அது வானத்திலிருந்து இறங்கவில்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. ஆகவே ஓடைநீரை எடுக்கும்போது அந்தக் கரையில் முழங்கை ஆழத்து மண்ணையும் ஒரு பிடி எடுங்கள். மண்ணில் ஒட்டியிருக்கும் சல்பேட்டையும், மிச்சமிருக்கும் கால்சியத்தையும் பாருங்கள். மண்ணைப் பார்க்காமல் ஓடையைப் படிக்காதீர்கள்.

5. பி.எச்.சுக்கு முன்னால் காரத்தன்மையைப் பாருங்கள்.

மெத்தில் ஆரஞ்சு விட்டு, 0.02 நார்மல் கந்தக அமிலத்தை பியூரெட்டில் சொட்டுச் சொட்டாக இறக்கும் பழைய சோதனைதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லித்தரலாம். ஓடையின் தாங்கும் சக்தி இந்த எண்ணில் இருக்கிறது. காரத்தன்மை வருஷாவருஷம் கரைந்துகொண்டே போகும்போது பி.எச். அசையாமல் நிற்கும், பிறகு திடீரென்று சரியும். சரிந்தபின் அளந்து என்ன பயன்?

6. நைட்ரஜனை நல்லவன் கெட்டவன் என்று பிரிக்காதீர்கள். காட்டுக்கு எவ்வளவு பசி என்று கேளுங்கள்.

இடி மின்னலோடு பெய்த மழைக்கு மறுநாள் பயிர் பச்சை கட்டுவதை நம் பாட்டன்மார் கவனித்திருக்கிறார்கள். காட்டுக்கு நைட்ரஜன் சோறு. பசித்த காட்டில் எவ்வளவு விழுந்தாலும் வேரும் நுண்ணுயிரும் எடுத்துக்கொண்டு ஓடைக்கு ஒன்றும் விடாது. கந்தகத்துக்கும் நைட்ரஜனுக்கும் இதுதான் வித்தியாசம். முதலாவதைப் பெரும்பாலும் மண் பிடிக்கிறது, இரண்டாவதை உயிர் பிடிக்கிறது. உயிரை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

அதையும் ஹப்பார்ட் புரூக்கில் செய்து பார்த்தார்கள். 1965 கடைசியில் ஒரு நீர்ப்பிடிப்பின் மரங்கள் முழுவதையும் வெட்டி அங்கேயே கிடத்தினார்கள். மறுபடி எதுவும் துளிர்க்காதபடி மூன்று கோடைக்குக் களைக்கொல்லி அடித்தார்கள். வெளியிலிருந்து ஒரு கிலோ உரம்கூடப் போடவில்லை. ஆனாலும் ஓடையில் நைட்ரேட் முதல் வருஷமே 40 மடங்குக்கு மேல் ஏறியது, குடிநீர் வரம்பையும் தாண்டியது. கூடவே கால்சியமும் மண்ணிலிருந்து இறங்கிப் போனது. அத்தனை நைட்ரஜனும் மட்கிலிருந்து வந்தது. அதுவரை அதைக் கட்டிக் காத்தது மரம்.

மரம் நிற்கும்போதே காடு நைட்ரஜனில் நிறைந்துபோவதும் உண்டு. மேற்கு வெர்ஜீனியாவில் ஃபெர்னோ காட்டில் 1989இலிருந்து ஒரு நீர்ப்பிடிப்பில் வருஷத்துக்கு மூன்று தடவை அமோனியம் சல்பேட்டைத் தூவினார்கள். ஓடையில் நைட்ரேட்டும் கால்சியமும் ஏறின. அதைவிடச் சிந்திக்க வைத்தது, எதுவுமே தூவாமல் ஒப்புப் பார்க்க விட்டிருந்த பக்கத்து நீர்ப்பிடிப்பு. அந்த ஓடையிலும் நைட்ரேட் தானாகவே ஏறியிருந்தது. வானத்திலிருந்து விழுந்ததே அதற்குப் போதும் என்றாகிவிட்டது.

அமோனியாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நம் பக்கம் யூரியா போட்ட வயலிலிருந்தும் மாட்டுக் கொட்டகையிலிருந்தும் அமோனியா எழும்பிக்கொண்டே இருக்கிறது. மழைநீரில் அது அமிலத்தைத் தணிக்கும், பி.எச். ஏறும். பார்க்க நல்லதாகத் தெரியும். மண்ணில் இறங்கியதும் பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். ஒவ்வொரு அமோனியம் அயனிக்கும் இரண்டு ஹைட்ரஜன் அயனி வெளியாகும். மழையில் தணித்ததைவிட மண்ணில் கூடுதலாகப் புளிக்க வைக்கும். ஆகவே மழைநீரில் நைட்ரேட்டை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள், அமோனியத்தையும் பாருங்கள். அதுவும் அன்றைக்கே. புட்டியை இரண்டு நாள் வெளியில் வைத்தால் நுண்ணுயிர் தின்றுவிடும். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டு வாருங்கள்.

ஏரிக்குக் கீழே எடுத்த நீரில் நைட்ரேட் இல்லையென்றால் மேலேயும் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். காற்றுப் புகாத ஏரிச் சேற்றிலும் நெல் வயலிலும் நைட்ரேட் வெறும் நைட்ரஜன் வாயுவாகிப் பறந்துவிடும். மதகுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று எடுத்தால் அந்தச் சேறு செய்கிற உபகாரம் தெரியும்.

7. எண்ணுக்குப் பக்கத்தில் அது எதன் எண் என்று எழுதுங்கள்.

இதை நான் கண்ணீரோடு கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்துக் கிணற்று நீருக்கு நைட்ரேட் 12 என்று முடிவு வந்தது. குடிநீருக்கு 45 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தரநிர்ணயம். "தாராளமாகக் குடிக்கலாம்" என்று நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். நான்கு மாதம் கழித்துப் பழைய ஏட்டைப் புரட்டும்போதுதான் கண்ணில் பட்டது: அந்த 12, நைட்ரஜன் கணக்கில் எழுதியது. நைட்ரேட்டாக மாற்ற 4.43ஆல் பெருக்க வேண்டும். 53 வந்தது. வரம்பைத் தாண்டிய நீர். அந்த வீடுகளில் ஒன்றில் கைக்குழந்தை இருந்தது, அந்தக் கிணற்று நீரில்தான் பால்மாவு கரைத்துக் கொடுத்தார்கள். நைட்ரேட் கூடிய நீர் சிசுவின் ரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்க முடியாமல் செய்யும். மறுபடியும் போனேன். குழந்தை நன்றாக இருந்தது. அந்தத் தாயிடம், "அம்மா, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், இனி இந்தத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்" என்று சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்க முடியவில்லை.

உங்கள் நோட்டில் "நைட்ரேட்: 12" என்று ஒருபோதும் இருக்கக் கூடாது. "நைட்ரேட், நைட்ரஜன் கணக்கில், லிட்டருக்கு 12 மில்லிகிராம்" என்று நீட்டி முழக்கி எழுதுங்கள்.

8. எந்த ஓடை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

பரவனாற்றைக் காட்டி, "இதில் அளந்தால் அமிலப் படிவு தெரியுமா?" என்று கேட்டீர்கள். தெரியாது, பிள்ளைகளே. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கிற ஆர்ட்டீசியன் நீரை இரவும் பகலும் இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே வெடித்து மேலே வரும். இறைத்த நீரில் ஒரு பகுதி ஓடைகள் வழியாகப் பரவனாற்றுக்கும் வாலாஜா ஏரிக்கும் வருகிறது. வயலுக்கு அது பாய்கிறது, மாடு குடிக்கிறது. ஆனால் அது போன வருஷத்து மழை இல்லை, பூமிக்குள் மிகப் பல காலம் கிடந்த நீர். அதில் வானத்தைத் தேட முடியாது. ஆற்றின் தடமே மாறியிருக்கிறது. 2023 ஜூலையில் பரவனாற்றுக்குப் புது வாய்க்கால் வெட்ட வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லுக்குள் இயந்திரங்கள் இறங்கியதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். பரவனாற்றை அவசியம் அளக்க வேண்டும், ஆனால் வேறு கேள்விக்காக: சுரங்க நீர் வயலுக்கு என்ன கொண்டுவருகிறது என்பதற்காக.

ஹப்பார்ட் புரூக்கில் அவர்கள் செய்த கணக்கு எளிது. மழையில் உள்ளே வந்தது எவ்வளவு, ஓடையில் வெளியே போனது எவ்வளவு, கழித்தால் காடு வைத்துக்கொண்டதும் இழந்ததும் தெரியும். அடியில் கெட்டிப் பாறை இருந்ததால் அது சாத்தியமானது. நீர் வேறெங்கும் ஒழுகிப் போகாது. நம் மணற்கல் நிலமோ சல்லடை. இங்கே அந்தக் கணக்கு நேராகாது.

அந்தக் கணக்கைப் போட வேண்டுமானால் மேற்கே போங்கள். விருத்தாசலத்தில் பழமலைநாதர் கோயில் ஓரமாக ஓடும் மணிமுத்தாறு எங்கிருந்து வருகிறது? கல்வராயன் மலைக் காட்டிலிருந்து. கோமுகியும் அங்கேதான் பிறக்கிறது. பாறைமேல் மெல்லிய மண், அதன்மேல் காடு, மேலே உரம் போடாத சிற்றோடைகள். வடகிழக்குப் பருவத்தில் காற்று கடலிலிருந்து வந்து நம் பக்கத்தைக் கடந்துதான் அந்த மலையை நோக்கிப் போகிறது. வயலும் வீடும் மேலே இல்லாத ஒரு சிற்றோடையை அங்கே தேர்ந்தெடுங்கள். வனத்துறையில் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள், மலைக்கிராமத்துப் பெரியவர்களிடம் விஷயத்தைச் சொல்லி அவர்கள் சம்மதத்தோடு போங்கள். இங்கே முந்திரிக்காட்டில் ஓர் ஓடை, அங்கே ஓர் ஓடை. இரண்டையும் ஒரே வாரத்தில் எடுங்கள்.

9. கூட்டிப் பாருங்கள்.

எந்த நீரிலும் நேர்மின்னும் எதிர்மின்னும் சமமாக இருந்தாக வேண்டும். ஒவ்வொன்றையும் அதன் சமான எடையால் வகுத்துக் கூட்டுங்கள். உதாரணத்துக்கு, லிட்டருக்குக் கால்சியம் 20 மில்லிகிராம் என்றால் 20ஆல் வகுக்க 1.0. மெக்னீசியம் 6.1ஐ 12.2ஆல் வகுக்க 0.5. சோடியம் 23ஐ 23ஆல் வகுக்க 1.0. மொத்தம் 2.5. எதிர்ப்பக்கம் பைகார்பனேட் 61ஐ 61ஆல் வகுக்க 1.0, குளோரைடு 35.5க்கு 1.0, சல்பேட் 24ஐ 48ஆல் வகுக்க 0.5. அதுவும் 2.5. தராசு நேராக நிற்கிறது. இரண்டு பக்கமும் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் விலகினால் எங்கோ தவறியிருக்கிறது. முடிவை வெளியே சொல்லாமல் திரும்ப அளந்து பாருங்கள். மழைநீரில் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் என்பதால் விலகல் கூடுதலாக வரும், அங்கே பொறுத்துக்கொள்ளலாம். பி.எச். மீட்டரும் மழைநீரில் சீக்கிரம் நிலைக்காது. கண்ணாடி மின்முனை தடுமாறும். அவசரப்படாமல், கலக்காமல், ஐந்து நிமிடம் பொறுங்கள்.

10. தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று தெரியாமல் அதில் என்ன இருக்கிறது என்று சொல்லாதீர்கள்.

நொடிக்கு 50 லிட்டர் ஓடும் நாளில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் நைட்ரஜன் என்றால், நாள் ஒன்றுக்கு 8.64 கிலோ போகிறது. ஐப்பசி வெள்ளத்தில் நொடிக்கு 2,000 லிட்டர் ஓடும்போது 0.5 மில்லிகிராம்தான் இருந்தாலும் 86.4 கிலோ போய்விடும். எண் குறைவாகத் தெரிந்த நாளில்தான் காடு அதிகம் இழந்தது. ஓட்டத்தை அளக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. நேராக ஓடும் பத்து மீட்டரை அளந்து குறியுங்கள். காய்ந்த தென்னங்குரும்பையைப் போட்டு விநாடி எண்ணுங்கள். வேகத்தை 0.85ஆல் பெருக்குங்கள், ஏனென்றால் மேல்நீர் அடிநீரைவிட வேகமாக ஓடும். அகலத்தாலும் சராசரி ஆழத்தாலும் பெருக்கினால் கணக்கு முடிந்தது. வெள்ளம் முழங்காலுக்கு மேல் இருந்தால் இறங்கவே கூடாது. எந்த எண்ணும் உங்கள் உயிருக்கு ஈடாகாது.

முதல் வெள்ளத்தைத் தவறவிடாதீர்கள். ஹப்பார்ட் புரூக்கில் பனி உருகும் வாரத்தில் ஓடை புளிக்கும். நமக்கு அந்த வாரம், மாதக்கணக்கில் காய்ந்த மண்ணில் முதல் பெருமழை இறங்கும் நாள். இலையில் படிந்ததும் மண்ணில் சேர்ந்ததும் சேர்ந்து ஓடும் சில மணி நேரம். மாதம் ஒரு தடவை தேதி வைத்து எடுப்பவர்கள் கையில் அது சிக்கவே சிக்காது.

11. உங்கள் எண்ணை வாங்கிக்கொண்டு போக இரண்டு பக்கமும் ஆள் வரும்.

"புகைதான் காரணம் என்று எழுது" என்பார் ஒருவர். "ஒன்றும் இல்லை என்று எழுது" என்பார் இன்னொருவர். இரண்டு பேரிடமும் நோட்டைத் திறந்து காட்டுங்கள், எழுதுகோலை மட்டும் கொடுக்காதீர்கள்.

நாட்டு நடப்பும் தெரிந்திருக்க வேண்டும். 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல்மின் நிலையங்கள் வெளிவிடும் கந்தக டை ஆக்சைடுக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கும் உச்ச வரம்பு கொண்டுவந்தது. இரண்டு வருஷத்தில் நிறைவேற வேண்டியது, கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலக்கரி மின்நிலையங்களுக்குக் கந்தகம் பிடிக்கும் கருவி கட்டாயமில்லை என்றே ஆனது. காற்றில் அந்த வாயு வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. எனக்கு இதில் ஆழ்ந்த வருத்தம் உண்டு. வாயுவாக மூக்கில் ஏறுவதை மட்டும் அளந்தால், சல்பேட்டாக மாறி மலையிலும் மண்ணிலும் இறங்குவது யார் கணக்கில் வரும்? இதே நெய்வேலியில் இரண்டாம் அனல்மின் நிலைய விரிவாக்கத்தின் கொதிகலன்களில் சுண்ணாம்புக்கல்லையும் சேர்த்து எரித்துக் கந்தகத்தை அங்கேயே பிடிக்கிற முறை இருக்கிறது. முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. மண்ணில் இறங்குவதை அளந்து வைக்க ஆள் வேண்டும், அதனால்தான் உங்களிடம் விடாமல் பேசிக்கொண்டிருக்கிறேன்.

12. இந்த ஐப்பசிக்குச் செய்ய வேண்டியது.

புனல்களை சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள், டிஸ்டில்ட் வாட்டரில் ஐந்து முறை அலசி வெயில் படாமல் உலர்த்துங்கள். ஓடையில் புட்டியை அதே நீரால் மூன்று முறை கொப்பளித்து, நீர் வரும் திசையைப் பார்த்து நின்று பிடியுங்கள். விரல் உள்ளே படக் கூடாது, வியர்வை உப்பு எல்லாவற்றையும் கெடுத்துவிடும். பென்சிலால் எழுதுங்கள், மழையில் மை கரையும். என் மாடியில் ஒரு புனல் வைத்துக்கொள்ளலாம். இரவில் மழை வந்தால் தட்டை எடுக்க நான் எழுந்திருப்பேன், தூக்கம் எனக்குக் குறைவுதான். என் பழைய நோட்டுகள் பதினேழு இருக்கின்றன. மரப்பீரோவின் கீழ்த் தட்டில், பச்சை அட்டை போட்டவை. கல்வராயனுக்குப் போகும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள். மேலே ஏற என் முழங்கால் விடாது. ஓடை சமவெளிக்கு இறங்கும் இடம் வரை நானும் வருகிறேன், அங்கே ஒரு புட்டி நான் பிடிக்கிறேன்.